தரைக்குள் ஓடும் வெந்நீர்

குளிர்நாட்டு வீடுகள் – 9

கொரியாவின் ஓண்டோல் அறைகளில் அடுப்புப் புகை தரைக்கடியில் ஓடி வீட்டைச் சூடாக்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இன்று ஜெர்மனியில் புதிதாகக் கட்டும் வீடுகளில் அந்த வேலையை வெந்நீர் செய்கிறது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், சிமெண்ட் தளத்துக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குப் புதைந்து கிடக்கிறது. சுவரில் ரேடியேட்டர் இல்லை. காலடியிலிருந்தே கதகதப்பு எழுகிறது.

புதைப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. 1947-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் கட்டத் தொடங்கிய லெவிட்டவுன் வீடுகளில் கான்கிரீட்டுக்குள் செப்புக் குழாய்களைப் பதித்தார்கள். ஆண்டுகள் செல்ல, பல வீடுகளில் அவை ஒழுக ஆரம்பித்தன. தளத்தை உடைக்காமல் சரிசெய்ய முடியவில்லை. 1960-களில் ஜெர்மானியரான தாமஸ் எங்கெல், பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்கும் முறையைக் கண்டார். துருப்பிடிக்காத, வெந்நீரைத் தாங்கும், வளைத்தாலும் உடையாத குழாய் அதிலிருந்து பிறந்தது. குழாயைப் பற்றிய கவலை பெருமளவு தீர்ந்தது. அதை எங்கே, எப்படிப் போடுவது என்ற பொறுப்பு மட்டும் மனிதர்களிடமே இருக்கிறது.

அறைக்கு எவ்வளவு குழாய்?

24 சதுர மீட்டர் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குழாய் வரிசைகளுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6.7 மீட்டர் குழாய் வேண்டும். கூடத்துக்கு மொத்தம் 160 மீட்டர். இதை ஒரே சுற்றாகப் போட்டால் உராய்வு கூடும், பம்பு திணறும், நீர் பாதி வழியிலேயே ஆறிவிடும். இந்தக் குழாயில் ஒரு சுற்று 100 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். ஆகவே கூடத்துக்கு இரண்டு சுற்றுகள், சுற்றுக்கு 80 மீட்டர். சுற்றுகளுக்கு நீரைப் பிரித்துக்கொடுக்கும் மேனிஃபோல்டிலிருந்து அறைக்குப் போக 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர். ஆக, ஒரு சுற்று 92 மீட்டர். போக்குவரத்து நீளத்தைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள்தான் 100 மீட்டரைத் தாண்டிவிட்டு விழிக்கிறார்கள்.

அறைக்குள் குழாயைப் போடும் விதமும் முக்கியம். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை வளைந்து வளைந்து போனால், தொடங்கும் பக்கம் சூடாகவும் முடியும் பக்கம் குளிராகவும் இருக்கும். அதனால் சுருள் அமைப்பையே பெரும்பாலும் விரும்புகிறார்கள். பெட்டியில் இரண்டு கொசுவர்த்திச் சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்திருக்குமே, அதே வடிவம். சூடாகப் போகும் வரிசைக்குப் பக்கத்திலேயே ஆறித் திரும்பும் வரிசை வருவதால், தரை எங்கும் ஒரே சீராகச் சூடேறும். பெரிய ஜன்னலுக்குக் கீழேயும் குளியலறையிலும் இடைவெளியை 10 சென்டிமீட்டராக நெருக்குவார்கள். தரையோடு பொருத்திய சமையலறை அலமாரிகளுக்கு அடியில் குழாயே போடுவதில்லை. அங்கே வெப்பம் வெளியேற வழியில்லை.

தரை எவ்வளவு சுடலாம் என்பதற்கும் எல்லை உண்டு. இ.என். 1264 என்ற ஐரோப்பியத் தரநிலை, மனிதர்கள் புழங்கும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. நன்றாக வெப்பக்காப்பு செய்த வீட்டுக்கு அதுவரை போகவும் தேவையில்லை. சதுர மீட்டருக்கு 50 வாட் போதும் என்றால், அறை 20 டிகிரியில் இருக்கத் தரை 25 டிகிரியில் இருந்தாலே போதும். குழாய்க்குள் 35 டிகிரி நீரை அனுப்பினால் வேலை நடந்துவிடும். நீரை அதிகம் சூடாக்க வேண்டியில்லாதபோது சிக்கனமாக ஓடும் ஹீட் பம்ப்புக்கு இதைவிட உகந்த நிலை வேறில்லை.

மேனிஃபோல்டு எங்கே?

எல்லாச் சுற்றுகளும் புறப்பட்டு, திரும்பி வந்து சேரும் இடம் மேனிஃபோல்டு. நீரை அனுப்ப ஒரு பித்தளைக் குழல், திரும்பி வாங்க இன்னொன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வால்வும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று காட்டும் சிறிய கண்ணாடிக் குழலும் இருக்கும். 92 மீட்டர் சுற்றும் 56 மீட்டர் குளியலறைச் சுற்றும் அருகருகே இருந்தால், நீர் தடை குறைந்த குட்டைச் சுற்றிலேயே பாயும். வால்வைத் திருகிக் கூடத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் 1.7 லிட்டர், குளியலறைக்கு 1 லிட்டர் என்று அளந்து வைத்தால்தான் இரண்டும் தத்தம் பங்கைப் பெறும்.

மாடிக்கு ஒரு மேனிஃபோல்டு, அதுவும் அந்த மாடியின் நடுப்பகுதியில். இதுதான் நல்ல திட்டம். பலர் அதை வீட்டு மூலையில், கண்ணில் படாத இடத்தில் ஒளித்து வைக்க ஆசைப்படுகிறார்கள். அப்படிச் செய்தால், எட்டுச் சுற்றுகள் உள்ள மாடியில் பதினாறு குழாய்கள் குறுகிய நடைவழியை நெருக்கிக்கொண்டு ஓடும். படுக்கையறைக்குப் போக வேண்டிய வெப்பத்தில் ஒரு பகுதியை யாரும் உட்காராத நடைவழி விழுங்கிவிடும். அங்கே தெர்மோஸ்டாட் வைத்தும் பயனில்லை, ஏனென்றால் சூடு அடுத்த அறைகளின் குழாய்களிலிருந்து வருகிறது. நடுவில் வைக்க வழியே இல்லாவிட்டால், நடைவழிக்குத் தனிச் சுற்றைத் தவிர்த்து, கடந்து போகும் குழாய்களில் சிலவற்றுக்கு வெப்பக்காப்பு உறை போட வேண்டும்.

மூடுவதற்கு முன்

வேலை நடக்கும் நாளில் அந்த அறையைப் பார்க்க வேண்டும். தரை முழுக்க வெப்பக்காப்புப் பலகை, அதன் மேல் கட்டம் கட்டமாகக் கோடிட்ட படலம். ஒருவர் குழாயைக் கட்டங்களின் மேல் விரித்துக்கொண்டே போகிறார். பின்னால் வருபவர் நின்றபடியே நீளமான கருவியை அழுத்தி, முள் முள்ளாகக் குத்திக் குழாயைப் பலகையோடு இறுக்குகிறார். ஒரு சுற்றுக்கு ஒரே துண்டுக் குழாய். தளத்துக்கடியில் இணைப்பு வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

பிறகு அழுத்தச் சோதனை. குழாயில் அழுத்தம் ஏற்றி, அந்த அழுத்தத்திலேயே வைத்துக்கொண்டுதான் சிமெண்ட் தளம் போடுகிறார்கள். ஆணி பட்டுக் குழாய் கிழிந்தால் அளவுமானி உடனே காட்டிக்கொடுக்கும். தளம் போட்டதும் சூடேற்ற அவசரப்படக் கூடாது. குறைந்தது 21 நாள் பொறுத்து, மூன்று நாள் 25 டிகிரி நீரை ஓட்டி, அதன்பின் முழு வெப்பத்தில் நான்கு நாள் வைக்கச் சொல்கிறது அதே தரநிலை. அவசரப்பட்டால் தளம் வெடிக்கும்.

இத்தகைய வீட்டைக் கட்டுபவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்வேன். சிமெண்ட் கலவை வண்டி வாசலுக்கு வருவதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: குழாய் ஓடும் வரைபடம், ஒவ்வொரு சுற்றின் நீளமும் நீரோட்ட அளவும் எழுதிய பட்டியல், அறை அறையாக அளவு நாடாவோடு எடுத்த புகைப்படங்கள். இருபது ஆண்டு கழித்துச் சுவரோரம் துளை போட வரும் தொழிலாளிக்கு அவை மட்டுமே வழிகாட்டி.

(தொடரும்)