ஓதம் பார்த்துப் பாய் விரிக்கும் கரை

பிரான்சின் வடமேற்கில் அட்லாண்டிக்குக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனிக் கரையில் புயல், பாறை, மூடுபனி மூன்றுக்கும் குறைவில்லை. ஆனாலும் பாய்மரப் படகில் போகிறவர்கள் அங்கே முதலில் பார்ப்பது கடலின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத்தான்.

சென்னைக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி பிரிட்டனியின் சான் மாலோ துறைமுகத்தில் அது 12 மீட்டரையும் தாண்டுவதுண்டு. நான்கு மாடி உயரம்! ஆறு மணி நேரத்தில் அவ்வளவும் வடிந்துவிடும். அங்குள்ள பா-சாப்லோன் படகுத்துறையின் வாசலில், தண்ணீருக்கடியில் ஒரு தடுப்புச் சுவர் உண்டு. கடல் வற்றினாலும் உள்ளே நிற்கும் படகுகள் தரைதட்டாமல் காப்பது அதுதான். சுவருக்கு மேல் எத்தனை மீட்டர் தண்ணீர் என்பதை ஒளிரும் எண்கள் காட்டும். அது போதாதென்றால் வெளியே காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

மேற்கே ரா முனைக்கும் சேன் தீவுக்கும் நடுவே நீரோட்டம் ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் பாயும். சாதாரணப் பாய்மரப் படகின் வேகமே ஐந்தாறு நாட்தான். காற்றும் எதிர்த்தால் அலை சுவராக எழும். ஓதம் திரும்புகிற வேளையில் நீர் சற்றே அடங்கும்; அதற்குள் கடந்துவிட வேண்டும். தீவுக்கு அப்பாலுள்ள பாறையில் ஆர்-மென் கலங்கரை விளக்கத்தைக் கட்டத் தொடங்கிய 1867-ல், ஆண்டு முழுக்கத் தொழிலாளர்களால் ஏழு முறைதான் இறங்க முடிந்தது. நடந்த வேலை எட்டு மணி நேரம். கட்டி முடிய 1881 ஆனது.

தெற்குக் கரையில் லோரியான். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1666-ல் கப்பல் கட்டும் தளம் அமைத்ததால் உருவான ஊர். புதுச்சேரித் துணி மூட்டைகள் இங்கேதான் வந்து இறங்கி ஏலம் போயின. உள்நாட்டு நெசவைக் காக்க, வண்ணம் அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணிக்கு பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. 1759 வரை அது நீடித்தும் மோகம் அடங்கவில்லை. இந்தியத் தொடர்பு துணியோடு நிற்கவில்லை: 1746-ல் சென்னையைப் பிடித்த லபூர்தொனே பிறந்தது சான் மாலோவில். அவர் கப்பற்படை வந்த செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் படிக்கலாம்.

போக விரும்புகிறவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். புதியவர்கள் அந்தக் கடலறிந்த ஓட்டி இல்லாமல் ரா முனைப் பக்கம் போகவே வேண்டாம். கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் லோரியானில் பயணிகள் படகு ஏறினால் போதும். எதிர்க்கரையிலுள்ள போர்-லூயி கோட்டையில் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது.