சோதனை இருக்கட்டும், காத்திருப்பு போகட்டும்

தஞ்சைப் பகுதியின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் மூட்டை எடைக்குப் போகும். அளக்கவே கூடாது என்று விவசாயி கேட்பதில்லை. நெல்லைக் குவித்துவிட்டுக் காத்துக் கிடப்பதுதான் அவரை வதைக்கிறது. கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் சிக்கல் இதுவே. ஒரு செயலி கோப்பில் எழுதும்போதும் இணையத்தில் அனுப்பும்போதும், அதன் நினைவகத்தில் இருக்கும் தரவைக் கெர்னல் தன் பக்கம் நகலெடுக்கிறது. லினக்ஸில் இதைச் செய்யும் நிரல்பகுதிக்கு ‘காப்பி ஃப்ரம் யூசர்’ என்று பெயர். செயலி கொடுத்த முகவரி அதன் எல்லைக்குள்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும். எதிர்த்திசையில், அதாவது கெர்னல் செயலிக்கு எழுதித் தரும் ‘வெயிட்ஐடி’ அழைப்பில், 2017-இல் இந்தச் சோதனை விடுபட்டுப்போனது. சாதாரணப் பயனர் கெர்னலின் நினைவகத்திலேயே எழுத அது வழிவிட்டது.

2018 ஜனவரியில் வெளியான ‘ஸ்பெக்டர்’ குறைபாடு, சோதனை இருந்தாலும் போதாது என்று காட்டியது. பிராசஸர் சோதனையின் முடிவு வரும்வரை நிற்பதில்லை. ஊகித்து முன்னே ஓடிவிடும். ஊகம் தவறினால் பின்வாங்கும், ஆனால் தொட்ட தரவின் தடயம் கேஷ் எனும் விரைவு நினைவகத்தில் தங்கிவிடும். அதனால் சோதனைக்குப் பின் ஒரு தடுப்பு ஆணையை வைத்தார்கள். பாதுகாப்புதான், ஆனால் ஒவ்வொரு நகலும் அங்கே நின்று போக வேண்டியதாயிற்று. 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்த சிறு திருத்தம் அந்தத் தடுப்பை எடுத்துவிட்டது. எல்லை மீறிய முகவரியின் எல்லா பிட்டுகளையும் கணக்கீட்டின் வழியே 1 ஆக்கிவிடுகிறது. அந்த இடத்தில் எதுவும் இல்லாததால் நகல் பிழையாகி நிற்கும். ஊகிக்கக் கிளைவழியே இல்லை. தானியங்கிச் சோதனை ஒன்றில் வேகம் 2.6 சதவீதம் கூடியது.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். கெர்னலை ஓயாமல் அழைக்கும் சோதனை அது. தனக்குள்ளேயே கணக்குப் போடும் நிரலுக்கு லாபம் ஏறக்குறைய இல்லை என்பதும் உண்மை. ஆனால் கெர்னலுக்குத் தரவு தந்துகொண்டே இருக்கும் சர்வர்களுக்கு, செயலியில் ஒரு வரியும் மாற்றாமலே இந்த மிச்சம் கிடைக்கிறது. இத்தகைய நிரலைத் தொடுவதே ஆபத்து என்ற மறுப்புக்குத்தான் கனம் அதிகம். 2021-இல் ரிஸ்க்-ஃபைவ் எனும் திறந்த ஆணைத்தொகுப்பில் இயங்கும் பிராசஸர்களுக்காக இந்த நகல் நிரலைத் திருத்தி, எட்டெட்டுத் துண்டுகளாகத் தரவை எடுத்து வைத்தபோது வேகம் கூடியது. கூடவே எல்லையைத் தாண்டி நகலெடுக்கும் பிழையும் நுழைந்தது. சில வாரங்களில் பிழை திருத்தப்பட்டது, புது முறை நிலைத்தது. சோதித்துப் பார்க்கும் கண்கள் பல இருந்ததால்தான் அது முடிந்தது. தொடாமலே விட்டிருந்தால் பழைய மந்தம்தான் மிஞ்சியிருக்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சக்தி’ சிப்புகளும் ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். 2018-இல் அவற்றில் ஒன்று லினக்ஸை இயக்கியது. ஆணைகளை வரிசைப்படி நடத்துவதால் ஊகித்து அதிகம் ஓடாத சக்தியின் சி-வகுப்பு பிராசஸருக்கு 2024-இன் உத்தியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்தால் பெரிய பயன் இராது. நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் தாமதமே அங்கே முதலில் அளக்க வேண்டியது. சக்தியின் வடிவமைப்பு திறந்த மூலம் என்பதால், தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள ஒரு பொறியியல் கல்லூரி எஃப்.பி.ஜி.ஏ. எனும் மாற்றியமைக்கக்கூடிய சிப் பலகையில் அதை ஏற்றி அந்த அளவை இப்போதே எடுக்கலாம்.