தாயம் விழக் காத்திருந்த சர்வர்

"ரீஸ்டார்ட் பண்ணினா எந்திரிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. என்னன்னு லாக்கை நோண்ட ஆரம்பிச்சா தானா எந்திரிச்சிருது."

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வெளியூர் சர்வர்களைப் பராமரிக்கும் இளைஞர் சொன்னது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் போட்ட வாடகைச் சர்வர், அதில் ஜாவா நிரல்களை இயக்கும் டாம்கேட். எச்டிடிபிஎஸ் பக்கம் வர நிமிடக் கணக்கில் ஆகிறது. சிபியு சும்மா கிடக்கிறது, மெமரியும் தாராளம். இன்னும் பெரிய சர்வர் வாங்கச் சொன்னார்களாம்.

ஒரு நிரல் லினக்ஸிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் 'ஸ்ட்ரேஸ்' போட்டதும் குட்டு வெளிப்பட்டது. 'டெவ் ரேண்டம்' என்ற இடத்தில் ஜாவா கையேந்தி நிற்கிறது. ரகசியச் சாவிகளுக்கு யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். தாயக்கட்டையை உருட்ட ஆள் வேண்டுமே! விசைப்பலகை, மவுஸ், டிஸ்க் போன்றவற்றின் ஒழுங்கற்ற அசைவுகளிலிருந்து லினக்ஸ் அந்த எண்களைச் சேகரிக்கும். வாடகைச் சர்வரில் முதலிரண்டும் கிடையாது. இவர் லாக்கைத் தேடியபோது டிஸ்க் அசைந்தது, எண்கள் சேர்ந்தன, டாம்கேட் எழுந்தது.

இதற்கு இணையத்தில் ஒரு வரி மருந்து உண்டு: காத்திருக்க வைக்காத 'டெவ் யூரேண்டம்' பக்கம் திருப்பிவிடுவது. பழைய ஜாவா அந்தப் பெயரை நேராகக் கொடுத்தால் மதிக்காது என்பதால் நடுவில் ஒரு புள்ளியைச் செருகுவார்கள். இந்தப் புள்ளி எதற்கு என்று கேட்டேன். பலர் ஒட்டுகிறார்களே தவிர, பதில் சொன்னவர் குறைவு.

என் கவலை இங்கேதான்: எதற்கென்று தெரியாமல் கைவைத்தால் சாவிகள் ஊகிக்கக் கூடியவையாகிவிடலாம். 2006-ல் டெபியன் லினக்ஸில், சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்த, சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் வரிகளை நீக்கினார்கள். 2008 மே மாதம் விஷயம் வெளியே வந்தபோது, ஒவ்வொரு வகைச் சாவிக்கும் 32,768 சாத்தியங்களே மிச்சம். 2012-ல் வந்த ஆய்வு ஒன்று, இணையத்தில் எச்டிடிபிஎஸ்-க்கு அடிப்படையான டிஎல்எஸ் பேசும் இயந்திரங்களில் 0.5 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ ரகசியச் சாவிகளைக் கணக்குப் போட்டே எடுத்துக் காட்டியது. பெரும்பாலும் ரூட்டர் போன்ற சின்னச் சாதனங்கள். தொடங்கும்போது போதிய எண்கள் கிடைக்காதவை.

முதலில் ஒருமுறை ஊகிக்க முடியாத எண்கள் போதிய அளவு விதையாக விழுந்துவிட்டால் யூரேண்டமே போதும் என்பார்கள் வல்லுநர்கள். 2020-ல் வந்த லினக்ஸ் 5.6-ம் அந்த வழிக்கே போனது. இருக்கட்டும். விதை விழுந்ததா என்று பார்க்கத் தெரிய வேண்டாமா?

கொரோனாவுக்குப் பிறகு தாமிரபரணிக் கரையூர்களிலிருந்து சர்வர் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ல் முடிந்தும் அது இன்னும் ஓடுகிறது. நெல்லைக் கல்லூரி ஆசிரியர்களே, செய்முறை வகுப்பில் ஸ்ட்ரேஸுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.