சிட்டையும் பேரேடும்

ஆகாயத்தில் அண்டை வீடு – 9

2019-ல் தீபாவளி அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை வந்தது. சிவகாசிச் சரம் தமிழ்நாடெங்கும் வெடித்துக்கொண்டிருந்த அதே நாளில், உலகமெங்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள்) வேறொரு திருவிழாவில் மூழ்கியிருந்தார்கள். சி.க்யூ. உலக டி.எக்ஸ். குரல் போட்டி. சனிக்கிழமை காலை நம் நேரம் 5.30-க்குத் தொடங்கி, திங்கள் காலை 5.30 வரை 48 மணி நேரம். 2016-லும் தீபாவளியும் இந்தப் போட்டியும் ஒன்றாகத்தான் வந்தன.

ஆட்டம் எளிது. முடிந்தவரை அதிகம் பேரை ரேடியோவில் பிடிக்க வேண்டும். பிடித்தவரிடம், அவர் குரல் கேட்கும் தரத்தையும் (வழக்கமாக 59) நம் மண்டல எண்ணையும் சொல்ல வேண்டும். உலகை மண்டலங்களாகப் பிரித்ததில் இந்தியா 22-ம் மண்டலம் என்பதால் நாம் "59, 22" என்போம். ஜெர்மனிக்காரர் "59, 14" என்பார். பேச்சு அவ்வளவுதான், சில விநாடிகளில் அடுத்த ஆள்.

கணக்குதான் வம்பு. வேறு கண்டம் என்றால் 3 புள்ளி. ஆசியாவுக்குள் வேறு நாடு என்றால் 1. உள்நாட்டுக்காரரைப் பிடித்தால் புள்ளியே கிடையாது. ஆனாலும் மொத்தப் புள்ளியைப் பெருக்கும் நாடு, மண்டல எண்ணிக்கையில் அவர் சேருவார். அந்தமான் ஹாம் கணக்கில் தனி 'நாடு'! விருதுநகர்க்காரருக்கு போர்ட் பிளேரில் ஒருவர் கிடைத்தால் 1 புள்ளி. ஒரே அலைவரிசைப் பட்டையில் ஒருவரை இரண்டாவது முறை பிடித்தால் பலன் இல்லை.

விருதுநகர் மண்டிக்காரர்களுக்கு இதைச் சட்டென விளக்கிவிடலாம். வந்ததை வந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதையே ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. முன்பெல்லாம் ஹாம்கள் இரண்டையும் தாளில் எழுதினார்கள். இன்று எதிராளியின் அடையாளமான அழைப்புக் குறியைத் தட்டும்போதே, 'ஏற்கெனவே பிடித்த ஆள்' என்று மென்பொருள் சொல்லிவிடுகிறது.

அப்படி ஒன்றுதான் டி.எல்.எஃப். 2000-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ரைன் கூப்பெருஸ் லினக்ஸுக்காக எழுதியது. படம், பொத்தான் எதுவும் இல்லை. எழுத்துத் திரை மட்டும். பழைய கணினியே போதும். ஜி.பி.எல். உரிமத்தில் மூல நிரலைத் திறந்து வைத்தார். பிறகு ஜெர்மனியின் தாமஸ் பையர்லைன் பொறுப்பை ஏற்றார். வேறு பலரும் கைகொடுத்தார்கள். விண்டோஸில் பெயர்பெற்ற என்1எம்எம் லாகருக்கும் காசு கிடையாது. ஆனால் அதன் மூல நிரல் பொதுவில் இல்லை. இலவசம் வேறு, திறமூலம் வேறு.

இப்படி ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்க நினைப்பவர், எல்லாவற்றையும் தானே எழுத உட்காரக் கூடாது. ரேடியோவோடு பேச ஹாம்லிப் என்ற திறமூல நிரல்தொகுப்பு இருக்கிறது. போட்டி நடத்துபவர்களுக்கு அனுப்ப கேப்ரில்லோ என்ற கோப்பு வடிவம் இருக்கிறது: ஒரு தொடர்புக்கு ஒரு வரி, அதில் அலைவரிசை, தேதி, நேரம், இருவரின் அழைப்புக் குறி, பரிமாறிய எண்கள். சிவகாசியில் அச்சான பில் புக் மாதிரி, கட்டங்கள் முன்பே போட்டாயிற்று.

இரண்டு விஷயங்களை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். ஒன்று, நேரம். ஞாயிறு அதிகாலை 4 மணிக்கு நீங்கள் பேசியது, லாகில் (தொடர்புப் பதிவேட்டில்) சனி இரவு 22.30 என்று ஏற வேண்டும். உலகப் பொது நேரம்தான் செல்லும். அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கோட்டைவிட்டால் லாக் முழுக்கக் கோணல். மற்றொன்று, போட்டி விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனியே வைப்பது. டி.எல்.எஃப்.பில் பல போட்டிகளின் விதிகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாகவே இருக்கின்றன. சி மொழி தெரியாதவரும் ஒரு போட்டியைச் சேர்க்கலாம். கூட்டத்துக்குள் புது ஆள் நுழைகிற வாசல் அதுதான்.

எழுதிய கணக்குப்பிள்ளைக்கு மட்டுமே புரிகிற பேரேடு, அவர் ஊருக்குப் போன அன்றே செத்துவிடும். கூப்பெருஸ் தொடங்கியது இருபது ஆண்டு தாண்டியும் ஓடக் காரணம், யாரும் எடுத்துப் புரட்டலாம், திருத்தலாம் என்று அவர் விட்டுவைத்ததே.

விருதுநகரிலும் சிவகாசியிலும் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன், இருப்பதில் ஒரு விதிக் கோப்பை எழுதி அனுப்பிப் பாருங்கள். அதற்கு ஹாம் உரிமம்கூடத் தேவையில்லை.

(தொடரும்)