கல்மேடை மீதொரு மலர்க்கொத்து

மலர்தலும் வாடுதலும் பூவின் இயல்பு. வாடும் அதனை வாடாது காக்க மனிதன் கண்ட வழிகளுள் ஓவியமும் ஒன்று. சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரக் கலைக்கூடத்தில் ஒரு சிறிய எண்ணெய் வண்ண ஓவியம் உள்ளது. அதன் உயரம் 20 செ.மீ.; அகலம் 24.5 செ.மீ. கல்மேடை ஒன்றின் மீது சிறு மலர்க்கொத்து கிடக்கிறது. உடன் ஒரு வண்டு. அவ்வளவே. 1741ஆம் ஆண்டில் இதனைத் தீட்டியவர் ரேச்சல் ராய்ஸ் என்னும் டச்சுப் பெண்மணி. அப்போது அவர் 75 வயதைக் கடந்திருந்தார். பேரோவியங்கள் பல படைத்த ஒருவர் முதுமையில் இச்சிறு கொத்தின் முன் அமர்ந்தது ஏன் என்னும் வினா நம் சிந்தனைக்கு உரியது.

தந்தையின் கூடம்

ரேச்சல் 1664ஆம் ஆண்டு பிறந்து, ஆம்ஸ்டர்டாம் நகரில் வளர்ந்தார். தந்தை ஃபிரெடெரிக் ராய்ஸ் புகழ்பெற்ற உடற்கூற்றியல் அறிஞர், தாவரவியல் பேராசிரியருமாவார். உயிரற்ற உடல்களையும் உறுப்புகளையும் கெடாமல் பாதுகாக்கும் கலையில் அவர் வல்லவர். அவர் திரட்டிய பொருள்களை ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1717இல் விலைகொடுத்து வாங்கினார் என்பது வரலாறு. செடிகளும் பூச்சிகளும் சிப்பிகளும் நிறைந்த அக்கூடமே மகளுக்கு முதற் பள்ளியாயிற்று. அழிவதைத் தந்தை மருந்தால் காத்தார். மகள் தூரிகையால் காத்தார் எனலாம்.

பருவங்கள் கூடிய பூச்சாடி

15 வயதில் வில்லெம் ஃபான் ஆல்ஸ்ட் என்னும் ஓவியரிடம் ரேச்சல் பயிற்சிக்குச் சேர்ந்தார். அக்கால டச்சு மலரோவியங்களில் ஒரு வியப்பைக் காணலாம். வசந்தத்தில் பூக்கும் டியூலிப்பும் கோடையில் பூக்கும் மலர்களும் ஒரே சாடியில் நிற்கும். இயற்கையில் ஒருங்கே காண இயலாத கூட்டம் அது. ஒவ்வொரு மலரும் பூக்கும் காலத்தில் அதனை உற்றுநோக்கி வரைந்து வைத்து, பின்னர் ஒன்றுசேர்ப்பது ஓவியர் வழக்கம்.

எண்ணெய் வண்ணமும் இப்பொறுமைக்கு ஏற்றதே. ஆளிவிதை எண்ணெய் நீரைப் போல் ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. ஓர் அடுக்கு உலர்ந்தபின் அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய அடுக்கைப் பூசும்போது இதழுக்குரிய மென்மை புலப்படுகிறது.

அரும்பு, மொட்டு, போது, மலர், வீ எனப் பூவின் நிலைகளைப் பெயரிட்டு வழங்குவது தமிழ். ரேச்சலின் ஓவியங்களிலும் அந்நிலைகள் யாவும் உண்டு. பூச்சி அரித்த இலையையும் தலைசாய்ந்த தண்டையும் அவர் மறைத்தாரல்லர். உள்ளதை உள்ளவாறு காண்பதே அவர்தம் இயற்கை நேயம்.

இல்லறமும் கலையும்

1693இல் யூரியான் போல் என்னும் ஓவியரை மணந்தார். பத்துக் குழந்தைகளுக்குத் தாயானார். தூரிகையைக் கீழே வைத்தாரல்லர். 1701இல் ஹேக் நகர ஓவியர் சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. 1708 முதல் 1716 வரை ஜெர்மானியச் சிற்றரசர் ஒருவரின் அரசவை ஓவியராக விளங்கினார். 1723இல் லாட்டரிச் சீட்டில் பெருந்தொகை பரிசாகக் கிட்டியது. அதன்பின் சில ஆண்டுகள் குறைவாகவே வரைந்தார். ஆயினும் முதுமையில் மீண்டும் தூரிகை ஏந்தினார். 80 வயதைக் கடந்தும் வரைந்தார். தாம் வரைந்த வயதைச் சில ஓவியங்களில் பொறித்தும் வைத்தார். 1750இல் அவர் மறைந்தார். அவ்வாண்டில் 11 கவிஞர்கள் அவரைப் பாடிய கவிதைகள் நூலாக வெளிவந்தன. ஆயினும் அவர் ஓவியங்களுக்கென்றே அமைந்த முதற் பெருங்கண்காட்சி 2024இல்தான் மியூனிக் நகரில் தொடங்கிற்று.

முடிவாக

பொருள் நாடியோ புகழ் நாடியோ மட்டும் வரைந்தவராயின் 1741இல் அவர் ஓய்ந்திருக்கலாம். இரண்டும் அவரிடம் முன்னரே இருந்தன. எஞ்சியது பார்க்கும் ஆவல் ஒன்றே. அதற்குப் பெரிய திரை வேண்டுவதில்லை. கல்மேடையும் மலர்க்கொத்தும் வண்டும் போதும். குடும்பக் கடமைகள் கற்றலுக்குத் தடையாகுமோ என அஞ்சும் மாணவியரும், வயது கடந்ததே என வருந்தும் பெரியோரும் இச்சிற்றோவியத்தை நினைவிற் கொள்ளல் நன்று. நாளை வழியிற் காணும் ஒரு பூவின் முன் சிறிது நேரம் நின்று நோக்குவோம். அதன் இதழோரத்துப் பூச்சியும் நம் கண்ணுக்குப் புலப்படட்டும்.