அலுமாரியில் இருக்கட்டும் ஒரு கறி

சாவகச்சேரியில் எமது மகளிர் குழு கூடிய ஒரு நாள், அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து சிறிய கடதாசிப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த தங்கை கொடுத்ததாம். "இது பாலோ, பாற்கட்டியோ பிள்ளை?" என்று கேட்டார்.

அது டோஃபு. சோயா அவரையில் பாலெடுத்து, அதைத் திரைய வைத்துச் செய்யும் கட்டி. சீனாவிலும் ஜப்பானிலும் பல நூற்றாண்டுகளாக உண்ணப்படுகிறது. கிருமி நீக்கிக் காற்றுப் புகாமல் அடைத்த இந்த வகை, திறக்கும் வரை பல மாதங்கள் பிறிட்ஜ் இல்லாமலே கெடாது.

"பிறிட்ஜ் இல்லாமலோ?" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கணவனை இழந்து, கூலி வேலைக்குப் போய் ஆறு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு, காலைச் சந்தை மீன் கைக்கு எட்டாது. எட்டினாலும் அன்றே சமைத்தாக வேண்டும். ஆகவே அவரது பிள்ளைகளுக்குச் சோறும் சம்பலும்தான்.

அன்றே சமைத்துப் பார்த்தோம். தேங்காய்ப்பால் கறிக்குள் போட்டுக் கிளறியதும் பாதி கரைந்துவிட்டது. மீதியைப் பொரித்தோம்; அது பரவாயில்லை. ஒரு சிறுமி "முட்டையோ அம்மா?" என்றாள். ஆனால் எங்கள் கடைகளில் இது கிடைப்பதில்லை. திறந்தபின் பிறிட்ஜ் இல்லாவிட்டால் அன்றே முடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இது தேவையில்லை. இதன் உறவுக்காரர் ஏற்கனவே எங்கள் வீட்டில் இருக்கிறார்: சோயாமீற்.

2000 ஆம் ஆண்டு தென்மராட்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்து வயது. அம்மா தூக்கி வந்த பையில் பருப்போடு சோயாமீற் பைக்கற்றும் இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டுச் சாமான் விலை ஏறியபோதும் அதைத் தேடினோம். அதனாலோ என்னவோ, பல அம்மாமார் இன்னும் அதை 'இல்லாத காலத்துச் சாப்பாடு' என்று ஒதுக்குகிறார்கள். அது சரியல்ல. எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்யப்படுவதால், காய்ந்த சோயாமீற்றின் எடையில் ஏறத்தாழ பாதி புரதம். டோஃபுவில் பெரும்பகுதி நீர்.

சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு தரம் நன்றாகப் பிழிந்தால் பச்சை மணம் போய்விடும். சுவைத்தூள் உள்ள பைக்கற்றில் உப்பு அதிகம். பிறஷர் உள்ளவர்கள் அந்தத் தூளைத் தவிர்த்து, வீட்டு மிளகாய்த்தூளில் கறி வைப்பது நல்லது. சோயாவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்ளாது. இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

கிளினிக்கில் 1973 முதல் வழங்கப்பட்டுவரும் திரிபோஷவிலும் சோளத்தோடு சோயா உண்டு. கர்ப்பிணித் தாய்க்கென்று கொடுத்த பைக்கற்றை வீடு முழுக்க உருண்டை பிடித்துப் பகிர்வதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். தாய்க்கு மிஞ்சுவது கடைசி உருண்டை. தங்கச்சி, அது உங்களுக்கென்று தந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அதே அக்கா ஒரு கிலோ சோயா அவரை கொண்டுவருகிறார். இரவு ஊறவைத்து அரைத்து, பாலை நன்றாகக் கொதிக்க வைத்து (பச்சைப் பால் வயிற்றைக் குழப்பும்), தேசிக்காய்ப்புளி விட்டு நாமே திரைய வைத்துப் பார்க்கப்போகிறோம். வெள்ளைத் துணி ஒன்று நான் கொண்டுபோக வேண்டும்.