பாடாத பாட்டைப் பாடும் குரல்

காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டில் பாடிய மூத்த திருப்பதிகம் சொல்லாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் குரலை மட்டும் எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. ஏன்?

செயற்கைக் குரலுக்கும் மூலப்பொருள் பதிவான மனிதக் குரல்தான்; அம்மையாரின் குரலுக்கோ பதிவே இல்லை. யமஹாவின் ‘வோகலாய்டு’ மென்பொருளுக்காக 2007இல் வெளிவந்த ஜப்பானியப் ‘பாடகி’ ஹட்சுனே மிக்கு, சகி ஃபுஜிதா என்ற குரல் நடிகையிடம் பதிவுசெய்த சிறுசிறு ஒலித்துண்டுகளால் ஆனவள். சொல்லையும் சுரத்தையும் கொடுத்தால், மென்பொருள் உரிய துண்டுகளை எடுத்து, சுருதியை மாற்றி, ஒட்டுத் தெரியாமல் இணைக்கும். ஓர் ஒலி அடுத்த ஒலிக்கு நழுவும் இடம்தான் மிகக் கடினம். அதனால் அந்த நழுவலையே தனித்துண்டாகப் பதிந்துகொள்கிறார்கள். அருமையான யோசனை!

இன்றைய செயற்கை நுண்ணறிவு, பழைய பதிவுகளிலிருந்து ஒருவரின் குரல்சாயலைக் கற்று, வேறொருவர் பாடியதன்மேல் ஏற்றுகிறது.

2024இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரகுமான் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கவைத்தார். இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்தார்.